இரண்டு பேருக்கான ஸ்பிரிங்

14-6-1998, ஞாயிறு

பைக்கின் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் இன்று வாசலிலேயே மாற்றினேன். பழையதில் இடதுபக்கம்தான் அதிகம் தேய்ந்திருந்தது. கமலா புடவையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து வந்த பக்கம்.

விஜயநகரை ஒரு சுற்று சுற்றினேன். ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தூக்கிப் போட்டது. திரும்பி வந்ததும் மகள் குனிந்து பார்த்தாள்.

"அம்மா இருந்தப்போ வெச்ச மாதிரியே ரெண்டு பேருக்கு ஸ்பிரிங்கை டைட்டா வெச்சிருக்கீங்கப்பா."

கை பழக்கத்தில் செய்துவிட்டது. கமலா போய் நான்கு மாதம் ஆகிறது.

மகள் ஸ்பேனரை நீட்டினாள். "தனியாத்தானே போறீங்க, லூஸ் பண்ணிடுங்க, முதுகு போயிடும்."

வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டேன். "இருக்கட்டும்மா. நீ எப்பவாவது பின்னால உக்காருவே இல்ல?"

அவள் தன் மொபெட்டைக் கொஞ்சம் நகர்த்தி, என் பைக்குக்கு இடம் விட்டாள்.