பேர் கேட்காமல் கொடுத்த சிடிகள்

பெங்களூர்,
ஆவணி, 2005

அன்புள்ள அத்தைக்கு, மருமக வெற்றிச்செல்வி வணக்கத்தோட எழுதறேன். உங்க முட்டிவலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டுச்சா? நான் நல்லா இருக்கேன், வேளைக்குச் சாப்பிடறேன்.

போன வாரம் இங்க பெரிய கம்ப்யூட்டர் கண்காட்சி. எங்க கம்பெனியும் பேனர் கட்டி ஸ்டால் போட்டுச்சு. தகவலையெல்லாம் சேத்து வைக்கிற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் ஒண்ணை எங்க கம்பெனி காசு போட்டு வளக்குது. பல தேசத்துக்காரங்க சேந்து எழுதினது, யாரும் சும்மா எடுத்துக்கலாம். மீன்சுருட்டி உரக்கடைக்காரர் ஆடி மாசம் தன் பேர்ல பேனர் கட்டிக் கூழ் ஊத்தறாரே, அதே கதைதான். அங்க கூழ் சும்மா, உரத்துக்குக் காசு. இங்க அந்த சாஃப்ட்வேர் போட்ட சிடி சும்மா, பழுது பாத்துக் கொடுக்கக் காசு.

பேரும் போன் நம்பரும் வாங்கிக்கிட்டுத்தான் சிடி கொடுக்கணுமாம். நான் ஊர் ஞாபகத்துல, கை நீட்டின காலேஜ் பசங்களுக்கெல்லாம் கொடுத்துட்டேன். மத்தியானத்துக்குள்ள பெட்டி காலி.

"ஏம்மா, வாங்கினது யாருன்னே தெரியாம அடுத்து யார்கிட்ட போய் விக்கறது?"ன்னார் மேனேஜர்.

"கூழுக்கு வர்றவங்ககிட்ட யாரு என்னன்னு கேக்க மாட்டோம் சார்"னு வாய் தவறிச் சொல்லிட்டேன்.

சிரிச்சுட்டார். ஆனா என்னை வேலையில நிரந்தரம் பண்றதா வேணாமான்னு திங்கக்கிழமை சொல்லப் போறவரும் அவர்தான்.

பாப்பா போட்ட சட்டை ஒண்ணு அனுப்புங்க, துவைக்க வேணாம். அளவு பாத்துப் புதுசு எடுக்கத்தான்.

வேலை நிலைச்சா உங்க ரெண்டு பேரையும் இங்க கூட்டிக்கறேன். நிலைக்கலன்னா பெட்டியோட வந்துடுவேன். அப்ப பாப்பா முன்னாடி ஒண்ணும் கேக்காதீங்க அத்தை, அம்மா லீவுல வந்திருக்குன்னு சொல்லிக்குவோம்.

கண்ணு சொக்குது, முடிக்கறேன்.

வெற்றிச்செல்வி