கறுத்துப்போன நாப்பது தொட்டி

அம்மாவுக்கு உன் சின்னவன் கும்பிட்டு எழுதிக்கிறது.

முட்டிவலி எப்படி இருக்கு? எனக்குக் கை வெடிப்பைத் தவிர ஒரு குறையும் இல்ல. போன்ல பேசினா பாதியிலேயே வெச்சிடுவேன். அதான் இதை எழுதிப் படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்புறேன், படிச்சுக் காட்டுவா.

போன வாரம் ஒரு கூத்து நடந்துச்சு. எங்க கண்ணாடிக் கொட்டகையில ஈ பிடிக்கிற செடி வளர்க்கிறோம்னு சொன்னேன்ல? இந்தக் குளிர் நாட்டுல எனக்கு இது முதல் குளிர்காலம். வாய் மாதிரி இருந்த இலையெல்லாம் கறுத்துச் சுருண்டு கிடந்துச்சு. செத்துடுச்சுன்னு நாப்பது தொட்டியைக் குப்பையில கொட்டிட்டேன். முதலாளியம்மா ஓடி வந்து ஒரு செடியை நகத்தால கீறிக் காட்டினாங்க. உள்ளே கிழங்கு வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. குளிருக்கு அது அப்படித்தான் உறங்குமாம். அதுக்குள்ள பாதியைக் குப்பை வண்டி அள்ளிட்டுப் போயிடுச்சு. நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். மிச்சத்துல ஒண்ணை என் ரூம் ஜன்னல்ல வெச்சிருக்கேன். தினமும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், இன்னும் துளிர் வரல.

அப்பா மூணு மாசமா கண்ணே திறக்கலைன்னு அண்ணன் சொன்னப்போ, "மூக்குக் குழாயை எடுத்துடுங்க, அவர் எப்பவோ போயிட்டார்"னு சொன்னது நான்தான். ஞாயித்துக்கிழமை எடுக்கப் போறீங்களாமே. அவரோட ஸ்வெட்டரை வேற கேட்டிருந்தேன். அனுப்பாதே, அவருக்கே போர்த்திவிடு. அவர் மூச்சு விடுற சத்தத்தை மட்டும் தங்கச்சியைப் பதிஞ்சு அனுப்பச் சொல்லு.

வேலைக்கு மணி அடிச்சாச்சு. டாக்டர் சொல்றதைக் கேளுங்க, அண்ணன் சொல்றதைக் கேளுங்க. நான் சொன்னதை மட்டும் கேக்காதீங்கம்மா.