யாரும் தொடாமல் பாடிய மணி

ஆடி முதல் வெள்ளி, இரவு

தாயே, இன்று நடந்ததை எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

என் வீட்டுக்காரர் மரத்தில் செய்த ஹார்ன் ஸ்பீக்கருக்கு, பல மாதம் தேடி, சிலிம் ரிவர் டவுனில் ஒருவரிடம் ஒரு ஜோடி கம்ப்ரெஷன் டிரைவர், அதாவது ஹார்னுக்குப் பின்னால் இருந்து சத்தம் எழுப்பும் பாகம், வாங்கி வந்திருந்தார். சாயங்காலம் ஹாலில் மைக் வைத்து அளந்தார். விசில் மாதிரி ஒரு சத்தம் கீழிருந்து மேலே ஏறும். கம்ப்யூட்டரில் கோடு விழும். டிரைவர் நல்லதாக இருந்தால் சத்தம் உடனே அடங்க வேண்டுமாம்; ஓரிடத்தில் மட்டும் அடங்காமல் கோடு நீண்டுகொண்டே போனது.

"ரெண்டுமே ரோசாக், கெட்டுப்போச்சு போல. நாளைக்கே திருப்பிக் குடுத்துர்றேன்லா." முகம் வாடிவிட்டது.

நான் ஹால் மூலையில் இருக்கும் சாமி மேடையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். மறுபடி சத்தத்தை ஓடவிட்டார். அது ஏறி வந்ததும், அம்மனுக்கு மேலே தொங்கும் பித்தளை மணி யாரும் தொடாமலே மெல்லப் பாடியது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"ஏங்க! அம்மா பேசுறாங்க!"

ஓடி வந்து காதை வைத்துக் கேட்டார். "அடியே, டிரைவர் இல்ல, இந்த மணி கூட அதிர்றதுதான் கோளாறு போல! கழட்டி அடுப்படியில வை."

"ஆடி வெள்ளி, விளக்கு எரியுது. மணிய எறக்க மாட்டேன்லா."

"அப்ப டிரைவர நான் எப்படி நம்புறது?"

கடைசியில் தொங்கின இடத்திலேயே மணியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். சத்தம் ஏறியது. உள்ளங்கையில் எறும்பு ஊர்வது போல் கூசியது. கோடு சுத்தமாக விழுந்தது.

"நல்ல டிரைவர்தான்! திருப்ப வேணாம்!" என்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார்.

அறிவியல்தான் என்கிறார். இருக்கட்டும். வீட்டில் இத்தனை பித்தளை இருக்க, அம்மன் மணிதானே பதில் சொன்னது? கையில் அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. அந்தக் கையால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.