மனுவின் பின்பக்கத்து முகம்

அன்பும் கொஞ்சம் கோபமும் மாறாத என் முருகேசண்ணனுக்கு,

நீ போய் இரண்டு வருஷமாகிறது. இந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. குற்றாலத்தில் மெயின் அருவிப் பக்கம் நிற்க இடமில்லை. இந்தக் கூட்டத்தைப் பார்க்க நீ இல்லையே என்று இருக்கிறது.

கொரோனா சமயத்தில் அருவி அதுபாட்டுக்குக் கொட்டியது, குளிக்க ஒரு ஆள் கிடையாது. பத்து நிமிஷத்தில் முகம் வரைந்து கொடுத்துப் பிழைத்தவன் நீ. வரைய ஆள் கிடைக்காமல், மேலகரத்து வீட்டில் தெருநாயை உட்காரவைத்து வரைந்துகொண்டிருந்தாய்.

கலைஞர்களுக்கு நிவாரணம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மனு எழுதித் தென்காசிக்கு உன்னை அனுப்பியது நான். அன்றைக்குத்தான் கடைசி நாள். நலவாரியத்தில் பதிவு இல்லையே, நீ ஓவியர் என்பதற்கு என்ன சான்று என்று அங்கிருந்த குமாஸ்தா கேட்டாராம். மனுவையே திருப்பிப் போட்டு அவரை வரைந்துவிட்டாய். மாஸ்க்குக்குள் இருந்த மூக்கையும் மீசையையும் கண்ணைப் பார்த்தே ஊகித்தாயாம். அவர் அசந்துபோய், வீட்டில் காட்டவேண்டும் என்று கேட்டிருக்கிறார். நீயும் பெருமையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாய். மனுவும் அதோடு போனது. வீடு வந்து சேரும்வரை உனக்கு அது உறைக்கவே இல்லை.

வேறு பேப்பரே கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

"ஏட்டி, அவரு மூஞ்சி அம்புட்டு லெட்சணமா இருந்துச்சு" என்றாய்.

அண்ணிகூடச் சிரித்துவிட்டாள். தைக்கத் துணி வராமல் என் மிஷினும் சும்மா கிடந்தது; அரிசி தீரப்போகிற பயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"படத்தைப் போட்டா உலை வைக்க முடியும்? மூட்டை தூக்கியாவது சம்பாதிண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

மறுவாரமே சுரண்டை மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்கப் போனாய். அருவியைத் திறந்த பிறகும் நீ பழைய தொழிலுக்குத் திரும்பவில்லை. நானும் திரும்பச் சொல்லவில்லை. நாள் தவறாமல் கூலி வந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. நெஞ்சுவலியில் நீ போனபிறகு உன் பென்சில் டப்பாவைத் திறந்தேன். எல்லாப் பென்சிலும் சீவியபடியே இருந்தது. ஒரு வார்த்தையாவது என்னைத் திட்டியிருக்கலாமே, அண்ணே?

உன் மகள் கோமதி பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். கவின்கலைக் கல்லூரியில்தான் சேருவேன் என்கிறாள். அண்ணிக்குச் சம்மதமில்லை.

"இன்னொரு கொரோனா வந்தா என் மவளும் மூட்டை தூக்கப் போணுமா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

நீ இருந்தால் அதற்கு என்ன சொல்லியிருப்பாய்? நாலு நாள் அண்ணியிடம் மன்றாடினேன். கடைசியில், "அப்பம் நீயே கையெழுத்துப் போடு, உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். கல்லூரி விண்ணப்பத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வரும்படி இல்லாத மாசம் கோமதிக்கும் வரும். அப்போது என் தையல் மிஷின் ஓடும். அவள் கையிலிருந்து பென்சிலை நான் பிடுங்கமாட்டேன், அண்ணே. உன் கையிலிருந்து பிடுங்கியதே போதும்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி