வெள்ளை மாத்திரையும் பத்து ஸ்டிக்கர்களும்

அன்புள்ள அத்தை,

நேற்று வானகரத்திலிருந்து உங்கள் மகள் வந்து, உங்களுடைய பிஸ்கட் டப்பாவை என்னிடம் கொடுத்தார். "அம்மாவோட காலி மாத்திரை அட்டையெல்லாம் இதுலதான் கீது. தூக்கிப் போட மனசு வரல. நீதானே மருந்து சீட்டு படிச்சுக் காட்டுவே, நீயே வெச்சுக்கோ" என்றார். மூடியைத் திறந்ததும் மருந்து வாசனையோடு தையல் மெஷின் எண்ணெய் வாசனையும் வந்தது. உங்கள் கைப்பையின் வாசனை. சட்டென்று மூடிவிட்டேன்.

போன வருடம் உங்களுக்கு பிரஷர் இருப்பது தெரிந்தபோது, முதல் மாதம் கிளினிக்கில் ரோஸ் நிற மாத்திரை வாங்கினீர்கள். சம்பளத்தில் பிடிக்கிற தொழிலாளர் காப்பீட்டில் மாதாமாதம் மாத்திரையும் உண்டு என்று உங்கள் தையல் கம்பெனியில் யாரோ சொல்ல, ஆறாம் தேதி என்னையும் அழைத்துக்கொண்டு அம்பத்தூர் மருந்தகத்துக்குப் போனீர்கள். அங்கே கொடுத்தது வெள்ளை மாத்திரை. அட்டையில் பெயரும் வேறு.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் பழைய அட்டையோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். "அத்தை, இது வேற மாத்திரை. ஓசின்னா எதையாவது குடுத்துடுவாங்க. சாப்பிடாதீங்க" என்றேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

"ஓசியா? என் சம்பளத்துல புடிக்கிறான் கண்ணு, இன்னா ஓசி?" என்று சிரித்தீர்கள். "டாக்டரம்மா குந்திகினு கீறாங்க, கொஞ்சம் நகருங்கோ" என்று பக்கத்தில் இருந்தவரிடம் எனக்கு இடம் கேட்டீர்கள். அட்டையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டீர்கள். சாப்பிடுவேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை.

பதினேழாம் தேதி என் இருமலுக்காக அப்பாவோடு அதே மருந்தகத்துக்குப் போனேன். நோட்டில் எழுதி வைத்திருந்த இரண்டு பெயர்களையும் மருந்து கொடுக்கும் அம்மாவிடம் காட்டினேன். அவர் ஒரு அட்டையை எடுத்துத் திருப்பினார். "பெரிய எழுத்துல இருக்கிறது கம்பெனி வெச்ச பேரும்மா. கீழ சின்ன எழுத்தைப் படி. மருந்தும் அதேதான், அளவும் அதேதான். காப்பீட்டுல மருந்தைத்தான் பார்ப்போம், கம்பெனியை இல்ல. எங்ககிட்ட ஸ்டாக் இல்லன்னா சீட்டுலயே எழுதித் தருவோம், வெளிய வாங்கிட்டு பில் குடுக்கலாம். சந்தேகம் வந்தா வந்து கேளு. யாரையும் நிறுத்தச் சொல்லிடாதே."

நேராக உங்கள் வீட்டுக்கு ஓடிவந்தேன். நீங்கள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

"அத்தை, மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

"ஐய, நீ சொன்னா நிறுத்திடுவேனா? ஒரு நாள்கூட உடல. போ, போய்ப் படி."

நான் நம்பவில்லை. உங்கள் புதுப் புடவையில் நான் மையைக் கொட்டியபோது "டிசைன் நல்லாத்தான் கீது" என்றவர் அல்லவா நீங்கள்? என் மனம் நோகாமல் இருக்க எதையும் சொல்வீர்கள்.

இந்த மாசியில் நீங்கள் மெஷின் முன்னால் மயங்கி விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. பிரஷர்தான் என்றார்கள். இடையில் எத்தனையோ மாதம் நீங்கள் ஒழுங்காகச் சாப்பிட்டது தெரிந்தும், நான் சாப்பிடாதீங்க என்று சொன்ன பிறகு வந்த அந்தப் பத்து நாள்தான் எனக்குக் கண்முன் நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. அம்மா கேட்டபோதுகூட, பரீட்சை பயம் என்றேன்.

இன்று காலை டப்பாவை முழுவதும் கொட்டினேன். கம்பெனியில் துணிக் கட்டுகளுக்கு ஒட்டும் குட்டி எண் ஸ்டிக்கர்களை, மாத்திரை எடுத்த ஒவ்வொரு குழியின் மேலும் ஒட்டி வைத்திருக்கிறீர்கள். எண்தான் அன்றைய தேதி. முதல் வெள்ளை அட்டை அடியில் கிடந்தது. ஏழு, எட்டு, ஒன்பது... விரல் வைத்து எண்ணினேன். பன்னிரண்டாம் எண் கிடைக்கவில்லை போல, வெற்று ஸ்டிக்கரில் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். கடைசிக் குழியில் பதினாறு. நான் ஓடிவந்ததற்கு முந்தைய நாள்.

ஒரு நாள்கூட விடவில்லை. தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். பிறகு பசித்தது. அம்மாவிடம் கேட்டு மூன்று தோசை சாப்பிட்டேன்.

இப்போதும் தெருவில் சிலர் மருந்துச் சீட்டோடு வருகிறார்கள். சின்ன எழுத்தை முதலில் படிக்கிறேன். புரியாவிட்டால், "தெரியல, வாங்க கவுண்டர்ல கேப்போம்" என்று கூடவே போகிறேன். அந்த அட்டை மட்டும் என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது.

என் பேச்சைக் கேட்காததற்கு நன்றி, அத்தை.