எனக்குக் கீழே மூன்று பேர்

டிசம்பர் 19, வெள்ளி

பதினான்காம் நம்பர் பஸ் இன்றும் இரண்டு நிமிடம் முன்னதாகக் கிளம்பிவிட்டது. ஒரு பெண்மணி பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். டிரைவர் பக்கக் கண்ணாடியில் பார்த்திருப்பான், பார்த்துவிட்டுத்தான் எடுத்தான். என் ஸ்டாண்டில் இதைச் செய்திருந்தால் விசில் ஊதி நிறுத்தி அவன் பரம்பரையையே விசாரித்திருப்பேன். இங்கே நான்காவது மாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்று "டேய்" என்று சொல்லத்தான் முடிந்தது. கண்ணாடியில் ஆவி படிந்ததுதான் மிச்சம்.

ஊரில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் பதினோரு வருடம் டைம் கீப்பர், பஸ் ஸ்டாண்டில் ஒரு கம்பிக் கூண்டு. எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதி, விசில் ஊதி அனுப்புவது வேலை. அந்தக் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஜன்னலோரம் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். யாருக்கு அதைக் காட்டப்போகிறேன்? ஒருவருக்கும் இல்லை.

இவள், என் மனைவி, இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். இவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். என் அட்டையின் பின்புறம் "வேலை பார்க்க அனுமதி இல்லை" என்று அச்சடித்திருக்கிறார்கள். வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது.

ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒரு காகிதத்தை ஒட்டியிருக்கிறாள். இன்னும் மூன்று வருடத்துக்கு அவளுடைய ஒப்பந்தம். ஜனவரி இரண்டுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் என் முதலாளி, "இந்த வருஷக் கடைசிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுப்பா, அதுவரைக்கும் உன் இடம் உனக்குத்தான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்குப் போக வேண்டும். அவளுக்கு? கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. பால் எடுக்கும்போதெல்லாம் அந்தக் காகிதம் முகத்துக்கு நேரே வருகிறது, இருவரும் வாயைத் திறப்பதில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

ஊருக்கு வீடியோவில் பேசும் நாள். பனியன் மேல் சட்டை மாட்டி, தலை வாரி, வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தேன். கீழே லுங்கி. அது தெரியாது.

வந்த புதிதில் அம்மா, "என்னடா வேலை?" என்று கேட்டாள். ஜன்னலில் நின்றபடிதான் பேசிக்கொண்டிருந்தேன். "பஸ் கம்பெனி ஆபீஸ்லம்மா, டைமிங் பார்க்கறது" என்று வாய் சொல்லிவிட்டது. அடுத்த வாரம், "உனக்குக் கீழே எத்தனை பேரு?" என்றாள். "மூணு பேர்" என்றேன். ஏன் மூன்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மூன்று பேரையும் இரண்டு வருடமாகக் கட்டி மேய்க்கிறேன். ஒருவனுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. ஒருவன் சொல் பேச்சுக் கேட்பதில்லை.

இன்று அம்மா, "அங்க எல்லாருக்கும் பத்து நாள் லீவாமே, உனக்கு?" என்றாள். விடுமுறையிலும் பஸ் ஓடுமே, அதனால் எனக்கு டியூட்டி உண்டு என்றேன். பின்னாலிருந்து அண்ணன் தலையை நீட்டி, "பெரிய மனுஷனுக்கு ஏதும்மா லீவு!" என்றான். அவன் முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. எங்கே ஓடுவது, லுங்கியோடு.

இவள் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பேசி முடித்ததும், "உங்க ஆளுக்குப் பொறந்த பையனுக்கு என்ன பேரு வெச்சாங்க?" என்றாள். சிரிக்கவில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

விடுமுறை அட்டவணையாம். பஸ் மணிக்கு ஒன்றுதான். நோட்டில் எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 25, வியாழன்

இவளுக்கு அபூர்வமாக விடுமுறை. இங்கே வேலை பார்க்கும் கணக்காளர் ஒருவர் வீட்டில் நம்மவர்கள் எல்லாரும் கூடினோம், ஒன்பது குடும்பம். வரவேற்பறை பூராவும் வண்ண விளக்கு, நடுவில் குழந்தைகளின் கூச்சல், மூலையில் மலை போல் குளிர்க் கோட்டுகள். பெண்களுக்கு ஒரு அறை, ஆண்களுக்கு ஒரு அறை. ஆண்கள் அறையில் பேச்சு ஆபீஸைவிட்டு நகரவில்லை. யாருடைய மேலதிகாரி மோசமானவன் என்று ஒரு பந்தயமே நடந்தது. எனக்கு மேலதிகாரி இல்லை. பூரியை மென்றுகொண்டிருந்தேன்.

இங்கே என் பெயர் "சிஸ்டர் வீட்டுக்காரர்". இரண்டு வருடத்தில் ஒருவரும் என் பெயரைக் கேட்டதில்லை. கணக்காளர் என் தோளில் கை போட்டு, "கொடுத்து வச்சவர் சார் நீங்க. சமையல், தூக்கம், டிவி. எங்களை மாதிரி லோல்படவேண்டாம்" என்றார். நல்ல மனிதர், மனதறிந்து யாரையும் புண்படுத்த மாட்டார். அதனால்தான் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. "ஆமாமா" என்று பல்லைக் காட்டினேன்.

திரும்பி வரும்போது பஸ் இல்லை. நடந்தோம். கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. இவள் என் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு வந்தாள். "எல்லாரும் என்ன பேசினீங்க?" என்றாள். "சும்மாதான்" என்றேன். சொல்லியிருக்கலாம், எனக்கு ஊருக்குப் போகணும்னு. அவ்வளவு நீளமான தெரு. சொல்லவில்லை.

டிசம்பர் 26, வெள்ளி

இவள் காலை டியூட்டி. கதவிலிருந்து ஜன்னல் பதினாறு அடி வைத்தால் வந்துவிடுகிறது. சின்ன அடியாக வைத்தால் இருபத்திரண்டு.

டிசம்பர் 28, ஞாயிறு

அண்ணன் போன். நேற்று ஒரு சர்ச் கல்யாணத்தில் என் முதலாளியைப் பார்த்தானாம். குரலில் குதூகலம் தாங்கவில்லை.

"தம்பி எப்போ வர்றான், அவன் இடத்தைக் காலியா வெச்சிருக்கேனேன்னு கேட்டாருடா. நான் விடுவேனா? 'அவனா? அவன் அங்க ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கான், அவனுக்குக் கீழே மூணு பேரு, இனிமே உங்க கூண்டுக்கு வருவானா'ன்னு நல்லாக் கேட்டுட்டேன். மனுஷன் வாயடைச்சுப் போயிட்டார்!"

"அதுக்கு என்ன சொன்னார்?"

"ரொம்ப சந்தோஷம்னார். அப்போ இப்ப இருக்கிற பையனையே நிரந்தரம் பண்ணிடறேன்னார்."

நான் என்ன சொன்னேன்? "சரிண்ணா" என்றேன். போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நான் கொடுத்ததைத்தானே அவன் கொண்டுபோய்ப் பந்தி வைத்தான்.

டிசம்பர் 29, திங்கள்

வெட்கத்தை விட்டு முதலாளிக்கே போன் போட்டேன். அண்ணன் ஏதோ தெரியாமல் சொல்லிவிட்டான், நான் வருகிறேன், இரண்டு மாதத்தில் வந்துவிடுவேன் என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அட என்னப்பா நீ, நேத்தே ஆர்டர் அடிச்சுக் குடுத்துட்டேனே. அந்தப் பையனுக்குப் பொண்ணு பேசி வெச்சிருந்தாங்க, வேலை நிரந்தரம் ஆகலைன்னு இழுத்துட்டே இருந்துச்சு. ஆர்டரைக் காட்டி, மார்கழின்னும் பார்க்காம இன்னைக்குக் காலையிலயே தட்டு மாத்திட்டாங்கப்பா. இப்போ நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவனை எறக்குவேன்?" பிறகு, "ஒனக்கு என்னப்பா குறை, மூணு பேரை வெச்சு வேலை வாங்கறே" என்றார்.

ஊரில் வேறு இரண்டு கம்பெனிகளிலும் முதலாளியின் மச்சான்தான் டைம் கீப்பர். எனக்குத் தெரியாதா? எல்லார் ஜாதகமும் எனக்குத் தெரியும்.

டிசம்பர் 30, செவ்வாய்

சாயங்காலம் வீட்டுக்குள் வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே ஃப்ரிட்ஜுக்குப் போனாள். அந்தக் காகிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள்.

"மேட்ரன்கிட்ட சொல்லிட்டேங்க. கையெழுத்துப் போடலைன்னு. மார்ச் மாசத்தோட முடிஞ்சுது. ஊருக்குப் போயிடலாம்."

"ஏன்?"

"ஏனா? ரெண்டு வருஷமா நீங்க நோட்டுல பஸ் நம்பர் எழுதறதைப் பார்த்துட்டுத்தானே இருக்கேன். நீங்களா வாய் விட்டுக் கேப்பீங்கன்னு பார்த்தேன். கேக்க மாட்டீங்க. அந்தக் கூண்டுல உட்கார்ந்து விசில் ஊதினாத்தான் நீங்க மனுஷனா இருப்பீங்க. எனக்கு வேலை எங்க போனாலும் கிடைக்கும். பொறக்கற குழந்தை எல்லா ஊர்லயும் பொறக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவளும் அழுதாள். அந்த நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். இதோ இங்கே எழுத வருகிறதே, வாயில் ஏன் வரவில்லை?

டிசம்பர் 31, புதன்

சொல்லவில்லை. பரணிலிருந்து பெட்டிகளை இறக்கினாள். "சேலை எல்லாம் இப்பவே வெச்சிடலாம், இங்க எங்க கட்டறேன்" என்றாள். ஒரு முனையை அவள் பிடித்தாள், மறு முனையை நான் பிடித்தேன். பதினேழு சேலை. மடித்து மடித்துக் கொடுத்தேன். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தாள். எந்தத் தெருவில் வீடு பார்ப்பது, என் டியூட்டிக்குப் பக்கமா, அவள் ஆஸ்பத்திரிக்குப் பக்கமா. இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

ஜனவரி 1, வியாழன்

புது வருடம். கேசரி கிளறினாள். சாப்பிட்டேன். சொல்லவில்லை.

ஜனவரி 2, வெள்ளி

சொல்லிவிட்டேன். காலையில், அவள் டியூட்டிக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது. ஒரு கால் மாட்டியாயிற்று, ஒரு கால் பாக்கி.

"என் இடத்துல ஆள் போட்டாச்சு. அங்க எனக்கு வேலை இல்லை."

"யார் சொன்னா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன், கல்யாணம், முதலாளி, ஆர்டர். ஷூ கயிற்றைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"ஞாயித்துக்கிழமை."

"நான் மேட்ரன்கிட்ட சொன்னது செவ்வாய்க்கிழமை." விரலை மடக்கி எண்ணினாள். "வேலை போனதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. அம்மாகிட்ட பொய் சொன்னீங்க, அதுக்கும் ரெண்டு வருஷமா நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா என் எதிர்ல நின்னு பதினேழு சேலை மடிச்சுக் குடுத்தீங்களே. அது எப்படிங்க முடிஞ்சுது உங்களால?"

இன்னொரு ஷூவையும் மாட்டிக்கொண்டாள். கதவைச் சாத்தவில்லை, அப்படியே திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் போன பஸ் சரியான நேரத்துக்குத்தான் கிளம்பியது. நான் என்ன ஜென்மம், இப்போதும் மணி பார்க்கிறேன்.

ஜனவரி 3, சனி

நேற்று மேட்ரனைப் பார்த்திருக்கிறாள். அங்கே அவள் ஒருத்தி சம்பளத்தில் இருவரும் காலம் தள்ள முடியாதே, அதனால் கையெழுத்துப் போடுகிறேன் என்று கேட்டிருக்கிறாள். பிரசவ வார்டில் அவள் இடத்துக்கு புதன்கிழமையே ஆள் போட்டுவிட்டார்களாம். மிச்சமிருந்தது படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வார்டு. ராத்திரி டியூட்டி. மூன்று வருடம். ஆளைப் புரட்டி, தூக்கி, துடைத்து. ஏற்கெனவே முதுகுவலிக்காரி.

செவ்வாய் சாயங்காலம் நான் வாயைத் திறந்திருந்தால் புதன் காலை போய் மாற்றிக்கொண்டிருப்பாள். ஒரே ஒரு ராத்திரி வித்தியாசம். பதினோரு வருடம் ஊர் வண்டிகளையெல்லாம் நேரத்துக்கு அனுப்பியவன்.

இதையெல்லாம் அவள் நிதானமாகத்தான் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

ஜனவரி 9, வெள்ளி

சாவி. பால் தீர்ந்துடுச்சு. லைட்டை அணைங்க. ஒரு வாரத்தில் இவ்வளவுதான் பேச்சு.

பெட்டிகளைப் பிரிக்கலாமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றாள். நடைவழியிலேயே கிடக்கின்றன. தண்ணீர் குடிக்கப் போகவும் பக்கவாட்டில் திரும்பித்தான் போக வேண்டியிருக்கிறது. காலையில் வந்ததும் முதுகில் தைலம் தேய்க்க நான் கை நீட்டினால் பாட்டிலை வாங்கி அவளாகவே எட்டின வரைக்கும் தேய்த்துக்கொள்கிறாள்.

ஜனவரி 18, ஞாயிறு

காலை எட்டேகாலுக்கு வந்தவள் படுத்துவிட்டாள். சத்தம் வராமல் காய் நறுக்கி, குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்தேன். பதினொன்றரைக்கு, வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே, அம்மாவின் வீடியோ அழைப்பு. உள்ளே தூங்குகிறாள் என்ற பதற்றத்தில் முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். கையில் கரண்டி, தோளில் துண்டு, பின்னால் அடுப்பு.

"என்னடா இது கோலம்? ஆபீஸர் கையில கரண்டியா?"

ஏதாவது சொல்லியிருப்பேன். வாய் அதற்குப் பழகியதுதான். என்னவோ இன்று வரவில்லை.

"எனக்கு இங்க வேலை இல்லைம்மா. வந்த நாள்லேருந்தே கிடையாது. எனக்குக் கீழே ஒருத்தரும் கிடையாது. அவ ராத்திரி பூரா வேலை பார்த்துட்டு வந்து தூங்கறா. நான் சமைக்கறேன்."

அம்மா அசையவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். கண்ணை மட்டும் சிமிட்டினாள்.

"உங்கப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றாள் கடைசியில், குரலைத் தணித்து. "அண்ணன்கிட்டயும் சொல்லாத. அவன் ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கான்டா. தலை நிமிந்து நடக்கறான். அப்படியே இருந்துட்டுப் போகட்டும். உனக்கு என்ன நஷ்டம்?"

"என்ன நஷ்டம்னு உனக்குத் தெரியாதும்மா. அண்ணனுக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லப் போறேன்."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"குழம்பு அடிபிடிக்குது போல, சத்தம் கேக்குது" என்றாள் அம்மா. "மொதல்ல அதை எறக்கு. எறக்கிட்டுச் சொல்லு."

இறக்கினேன். அம்மாவின் அழைப்பை முடித்துவிட்டு அண்ணன் எண்ணை அழுத்தினேன். அவன் எடுப்பதற்குள் பின்னால் அறைக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் வாய் அடைத்துவிடும் என்று தெரியும். அண்ணன் "ஹலோ" என்றதும் திரும்பாமலே பேச ஆரம்பித்தேன்.