தூணில் தெரிந்த பெயர்

1939, ஆடி 14. கம்பம்.

கடையின் கல்தூண்களில் அப்பியிருந்த சுண்ணாம்பை எடுக்க, மதுரையிலிருந்து மணல் பீய்ச்சும் மெஷினை லாரியோடு வாடகைக்கு வரவழைத்தது நான்தான். மத்தியானம் வாசல் தூணில் சுண்ணாம்பு உதிர்ந்ததும் அடியில் வெட்டெழுத்து தெரிந்தது. எங்கள் ஐயா பெயருக்குப் பக்கத்தில் சித்தப்பா பெயர். கடையில் அவருக்குப் பங்கே கிடையாது என்று அண்ணன் போன மாதம்தான் கோர்ட்டில் சத்தியம் பண்ணியிருந்தார்.

அண்ணன் கூலியாள் கையிலிருந்த மணல் குழாயைப் பிடுங்கி அந்தப் பெயர்மேல் திருப்பினார். சித்தப்பா மகன் முருகேசன் ஓடிவந்து எழுத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

"எங்கய்யா பேருண்ணே! விட்ருங்கண்ணே!"

"கைய எடுலே!"

அவன் எடுக்கவில்லை. அண்ணனும் குழாயை விலக்கவில்லை. புறங்கைத் தோல் பிய்ந்து பறந்தது. கல்லெல்லாம் ரத்தம். அவன் அலறிக்கொண்டு சரிந்த பிறகும் அண்ணன் எழுத்தை அழித்துக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவர்கள் வந்து சொன்னார்கள், வலது கை விரல்கள் இனி மடங்காதாம்.

அண்ணன் குழாயைப் பிடித்திருந்தபோதே, லாரிப் பக்கம் மெஷினை ஓட்டிக்கொண்டு நின்ற மெஷின்காரன் என்னிடம்தான் கேட்டான்.

"மொதலாளி, நிப்பாட்டவா?"

இரண்டு தரம் கேட்டான். முதல் தரம் கேட்டபோது முருகேசன் கை கல்லில்தான் இருந்தது. பெயர் முழுசாகப் போகட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை.